அளவுகோலார் போட்ட கோடு

வீட்டிலும் தெருவிலும் அவருக்கு ‘அளவுகோல்’ என்றுதான் பெயர். வேலைக்காலம் முழுக்கத் தகடு வெட்டும் பட்டறையில், காதைப் பிளக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். சுவரில் படம் மாட்டுவதென்றாலும் மட்டம் பார்க்காமல் ஆணி அடிக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்ற கையோடு இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் சும்மா இருப்பாரா?

வாங்கியதே மனைவியோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கத்தான். ஷிஃப்ட், ஓவர்டைம் என்று அவளுக்கு இவர் முகம் காட்டியதே அபூர்வம். இனிச் சாயங்காலமெல்லாம் அவளோடுதான் என்று தீர்மானமாக இருந்தார்.

கூடம் ஒத்துழைக்கவில்லை. ஒரு மூலையில் தாளம் குமுறியது, இன்னொரு மூலையில் காணாமல் போனது. அதைச் சரிசெய்ய ஒரு மைக்கும் கணினியில் ஒரு மென்பொருளும் வந்தன. மைக் அறையின் ஒலியை அளக்கும். கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று நாம் திரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், மென்பொருள் அதற்குத் தக்கபடி திருத்திவிடும். பலரும் கீச்சொலிப் பக்கம் மெல்ல இறங்குகிற கோட்டைத்தான் போடுவார்கள். கோடு என்றால் மட்டமாக இருக்க வேண்டாமா! அளவுகோலார் மட்டமாகவே போட்டார். அவருக்கு மந்தமாகக் கேட்டது. கீச்சொலிப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

மனைவி காபித் தம்ளரோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

“காதுல ஊசி குத்துதுங்க. நீங்களே கேளுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. அவளைக் குறை சொல்லவில்லை; ரசனை கெட்டவள் என்று முணுமுணுத்ததோடு சரி. அது குறை இல்லையாம்!

விடுமுறைக்கு வந்த மகள் உள்ளே நுழைந்ததுமே காதைப் பொத்தினாள். “என்னப்பா, பாடுறாங்களா, சீறுறாங்களா?” மென்பொருளிலேயே இருந்த சோதனை ஒலியைப் போட்டாள். அது மெல்ல மெல்லக் கீச்சென்று உயரும். “கேக்கிற வரைக்கும் எல்லாரும் கையைத் தூக்கியே வச்சிருக்கணும்.”

முதலில் இறங்கியது அவர் கைதான். மனைவியின் கையும் மகளின் கையும் மேலேயே இருந்தன.

“வெளையாடாதீங்க ரெண்டு பேரும். அது எப்பவோ நின்னுபோச்சு.”

“இன்னும் கேக்குதுப்பா.” மகளின் குரல் தாழ்ந்துவிட்டது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பட்டறை சம்பளத்தைக் கொடுத்துக் காதில் பாதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அறையை அளந்தவர் தன் காதை அளக்கவில்லையே! அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிற ஆளில்லை அவர். அன்று மாலையே மைக்கை மனைவியின் நாற்காலிக்கு நேரே நிறுத்தி மறுபடி அளந்தார்.

“வா, உக்காரு.”

“கோடெல்லாம் எனக்கென்ன தெரியும்?”

“கோட்டை நான் பாத்துக்கிறேன். நீ கேட்டுச் சொல்லு.”

கீச்சொலியை இறக்கினார். “போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

இறக்க இறக்க அவருக்குப் பாட்டு போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார்.

“இதான்! பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கு.” காலை மடக்கிச் சாய்ந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். “ஆமா, உங்களுக்கு?”

“எனக்குப் பாதிதான் கேக்குது.” கோட்டைச் சேமித்துவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “மீதியை நீ சொல்லு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப சின்னதா ஒரு மணி அடிக்குது,” என்றாள். “இருங்க... இப்ப நின்னுடுச்சு.”