பூஜைக்கு மட்டும் நின்ற மெஷின்

ஆயுத பூஜை என்றாலே எனக்குக் கோபம் வந்துவிடும். பொரியும் கடலையும் உனக்கு என்ன பாவம் செய்தன என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். பொரிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த நாள் வந்தால் ஒரு கைதான் என் கண்முன் வருகிறது. சந்தனம் காயாத கை. அது மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தது. அதுவரை இரைந்துகொண்டிருந்த அறை சட்டென்று ஊமையானது. பூசாரி மணி அடிக்க, சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு இழுப்பில் ஒருத்தியின் பிழைப்பு போனது அங்கே நின்ற யாருக்கும் அப்போது தெரியாது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு கண்டெய்னர் யார்டில் அப்போது நான் கேட் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். லாரி உள்ளே வரும்போது பெட்டியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். எந்த வரிசையில், எந்த அடுக்கில் இறக்கினார்கள் என்பதையும் அடிக்க வேண்டும். பார்க்க எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பது எந்த மனிதருடைய தலையிலும் கிடையாது. கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் இருந்த ஸ்டோரேஜ் என்கிற மெஷினில் மட்டும்தான் இருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் சிஸ்டம் அக்கா என்று கூப்பிடுவோம்.

அக்கா கடற்கரைக்காரி. கோவிலுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் ஒன்றில் வீடு. தோணியில் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்த அப்பா இறந்துவிட்டார். அம்மா படுத்த படுக்கை. பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லி, அம்மாவுக்காகவே ஊரில் இருந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடி, அம்மாவுக்கு ஊட்டிவிட்டுத் திரும்பி ஓடி வருவாள். இந்த ஊரில் இந்த வேலை இருந்தால்தான் அந்த ஓட்டம் முடியும். அவளுக்கு இருந்த பிடி அது ஒன்றுதான். வாயும் கொஞ்சம் துடுக்குதான். மேனேஜரிடம் முடியாது என்று சொல்லும்போது முகத்தில் சிரிப்பைத் தடவிக்கொள்ளத் தெரியாது. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். சார் என்றால் அவருக்குப் பிடிக்காது. ஊழியர் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடமாட்டார். துக்க வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி எடுத்துப் போடுவார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் எரிச்சலைத்தான் தருகிறது. நல்ல மனுஷன் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஸ்டோரேஜுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பேட்டரி உண்டு. நாங்கள் அடித்து அனுப்பும் விவரத்தை ஸ்டோரேஜ் உடனே டிஸ்கில் எழுதிவிடாது. முதலில் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று நமக்குச் சொல்லிவிடும். பிறகு தன் வசதிக்கு எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், எழுதாமல் மிச்சம் இருப்பதை அழியாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பேட்டரி. வயதாகிவிட்டால் அதற்கு அந்தத் தெம்பு இருக்காது. மெஷினுக்கே அது தெரியும். பேட்டரி தளர்ந்துவிட்டால், ஒவ்வொன்றையும் நேரே டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததை வாங்கும். அதனால் எல்லாம் மெதுவாகிவிடும். அப்படித்தான் எங்கள் யார்டில் ஆனது. கேட்டில் லாரிகள் உப்பளம்வரை வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் என் ஜன்னலைத் தட்டித் திட்டினார்கள்.

அக்கா புதுப் பேட்டரியை வரவழைத்து மேசைமேல் தயாராக வைத்திருந்தாள். அண்ணாச்சியின் அறை வாசலில் நின்று அவள் கேட்டபோது நானும் கையெழுத்துக்காக அங்கே நின்றேன்.

"அண்ணாச்சி, பேட்டரி போச்சு. புதுசு வந்துட்டு. அரை மணி நேரம் நிப்பாட்டுனா மாத்திருவேன்."

"கப்பல் நிக்கு. இப்பப் போயி நிப்பாட்டச் சொல்லுத. ஓடுதுல்லா?"

"மெதுவால்லா ஓடுது. அதுக்குத்தான் சொல்லுதேன்."

"அத வேகமா ஓட வைக்கதுக்கு வழி இருந்தா சொல்லு. நிப்பாட்டுத பேச்சு பேசாத."

வழி ஒன்று இருந்தது. பேட்டரி செத்தாலும் பரவாயில்லை, பழையபடி நினைவில் வாங்கி வைத்துக்கொள் என்று மெஷினைக் கட்டாயப்படுத்தலாம். அது ஆபத்து, என் கையால் செய்யமாட்டேன் என்றாள் அக்கா. அண்ணாச்சி ஸ்டோரேஜ் விற்ற கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். அவர் எங்கிருந்தோ அதைச் செய்து கொடுத்தார். மறு நிமிடம் வேகம் வந்துவிட்டது. "பாத்தியா, ஒண்ணையும் நிப்பாட்டாமலே சரியாயிட்டு" என்று அண்ணாச்சி ஹாலில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பி, "ஏளா, இனிமே கரண்ட் போனா நீ அடிச்சது உன்கிட்டயும் இருக்காது, அதுகிட்டயும் இருக்காது" என்றாள். யு.பி.எஸ். இருக்கிறதே என்றேன். "அதையும் ஒருத்தரும் ஆஃப் பண்ணாம இருக்கணும்லா" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. கப்பல் நிற்கிறது, கஸ்டம்ஸ்காரர் வருகிறார், ஹெட் ஆபீஸில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். மெஷினை நிறுத்தவே கூடாது என்பதில் அண்ணாச்சி அவ்வளவு உறுதியாக இருந்தார். ஆயுத பூஜை வரும்வரை.

மற்ற ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துப் பத்தி காட்டினால் பூஜை முடிந்தது. எங்கள் யார்டில் அது போதாது. அண்ணாச்சி இளவயதில் ஒரு லேத் பட்டறையில் இருந்தவர். பூஜை நேரத்தில் கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஒரு மோட்டார்கூட இரையக் கூடாது என்பது அவர் அங்கே கற்றது. கிரேனிலிருந்து தண்ணீர் மெஷின்வரை எல்லாம் நிற்க வேண்டும். அந்த அமைதியில்தான் தீபாராதனை. அக்கா அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே எல்லாவற்றையும் முறையாக மூடி நிறுத்திவிட்டு, தானே வாங்கிவந்த பூவை ரேக் கதவில் கட்டுவாள். குங்குமத்தை மட்டும் உள்ளே ஊதவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே நிற்பாள்.

அந்த வருஷம் கடைசி நிமிடம்வரை லாரிகள் வந்துகொண்டிருந்தன. பூஜைக்கு முன்னால் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த நேரத்தில் கப்பல் ஏஜெண்ட் கேட்டில் வந்து ஏதோ சந்தேகம் கேட்க, அண்ணாச்சியே அக்காவைப் போய்ப் பேசச் சொன்னார். "நான் வந்து நிப்பாட்டித் தாரேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் ஒண்ணையும் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கேட்டேன். அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

பூசாரி கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். அண்ணாச்சி கேட் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு போய் யு.பி.எஸ்ஸின் மெயின் சுவிட்சை இழுத்தார். பேட்டரியை மாற்ற அரை மணி நேரம் நிற்கக் கூடாத மெஷின், ஒரு தேங்காய் உடைப்பதற்காக ஒரு நொடியில் நின்றது.

அக்கா திரும்பி வந்தபோது தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். மெஷினின் காற்றாடிச் சத்தம் கேட்காததே அவளுக்குப் போதுமாக இருந்தது. "யாரு?" என்று மட்டும் கேட்டாள். "தட்டுல சுண்டல் எடுத்துக்கம்மா" என்றார் அண்ணாச்சி.

மறுபடி மின்சாரம் கொடுத்தபோது ஸ்டோரேஜ் எழுந்தது. அதற்குள் இருந்த கணக்கு எழவில்லை. பாதி எழுதியும் பாதி எழுதாமலும் குழம்பிக் கிடந்தது. முந்தைய நாள் எடுத்து வைத்த நகலைத்தான் ஏற்ற முடிந்தது. அன்று உள்ளே வந்த பெட்டி ஒன்றுகூட அதில் இல்லை. இடம் மாற்றி அடுக்கியவையெல்லாம் பழைய இடத்திலேயே இருப்பதாகக் காட்டியது. விஜயதசமி அன்று பட்டப்பகலில், கிளார்க்குகள் எல்லோரும் வெயிலில் பெட்டிச் சந்துகளுக்குள் நடந்து எண்களைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். இறால் ஏற்றுமதிக்காரர் ஒருவர் தன் குளிர்ப் பெட்டியைத் தேடி வந்து என் ஜன்னலில் நின்று அழாத குறையாகக் கத்தினார். அந்தப் பெட்டி கிடைக்கும் முன் கப்பல் போய்விட்டது.

ஹெட் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். அண்ணாச்சி அக்காவின் மேசையில் இருந்த உறை பிரிக்காத பேட்டரியை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். "வாங்கிக் குடுத்தும் அந்தப் பிள்ளை மாத்தாம வச்சிருந்திருக்கு" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பேட்டரி வாங்கிக் கொடுத்தது உண்மை. அவள் மாற்றாததும் உண்மை. ஏன் மாற்றவில்லை, யார் விடவில்லை, யார் சுவிட்சை இழுத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். நான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லப் போனேன். வந்திருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்து, "நீங்க கேட் என்ட்ரிதானம்மா, இது டெக்னிக்கல் விஷயம்" என்றார். டெக்னிக்கல் விஷயமாம். ஒரு மனுஷன் சுவிட்சை இழுத்ததைப் பார்க்க எனக்குக் கண் போதாதா?

அக்காவை அனுப்பிவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால்கூட அவள் எழுந்திருப்பாள். இந்தத் துறைமுகத்தில் எல்லாக் கம்பெனியும் ஒன்றுக்கொன்று தெரிந்தவைதான். அவள் எங்கே விண்ணப்பித்தாலும் அங்கிருந்து அண்ணாச்சிக்குத்தான் போன் வரும். "நல்ல பிள்ளைதான். பேட்டரிய மட்டும் கவனிக்காம விட்டுட்டா" என்று மிகவும் வருத்தப்பட்டுச் சொல்வாராம். அவர் வாயால் நல்ல பிள்ளை என்று கேட்ட பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? அம்மாவை விட்டு வெளியூருக்கும் போக முடியாது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் போட உட்கார்ந்தாள். ஒரு தடவை பார்க்கப் போனேன். படகுக்காரர்கள் சுற்றி நிற்க, ஈரக் கையோடு பில் கிழித்துக்கொண்டிருந்தாள். "நான் செத்தாக்கூட இந்த ஊருல பேட்டரிக்காரி செத்துட்டான்னுதாம்ளா சொல்லுவானுவ" என்றாள். அவள் அம்மா போன பிறகும் அங்கேதான் இருக்கிறாள். இத்தனை காலம் கழித்து ஸ்டோரேஜ் பார்க்க அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

அக்காவின் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்கு இடையே படித்து இந்த அறைக்கு வந்தேன். புது ஸ்டோரேஜிலும் பேட்டரி உண்டு. அதற்கு வயதானால் நாள் குறித்து நிறுத்துவேன். கப்பல் நின்றாலும் நிறுத்துவேன். முதல் தடவை நிறுத்தியபோது இன்றைய மேனேஜர் முகம் கடுத்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அரை மணி நேரம் எல்லோரும் டீ குடித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு, ஓய்வுபெற்ற அண்ணாச்சியை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். அவர் கையால் சுவிட்சை அணைக்க வேண்டுமாம். நான் எல்லாவற்றையும் மூட ஆரம்பித்திருந்தேன். ஸ்டோரேஜ் மட்டும் மிச்சத்தை எழுதிக்கொண்டிருந்தது. பூசாரி நேரமாகிறது என்றார். அண்ணாச்சியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"முடியட்டும் அண்ணாச்சி. பாதியில இழுத்துத்தான் அக்கா வேலை போச்சு."

"எந்த அக்கா?" என்றார்.

நடிக்கிறார் என்று நினைத்தேன். அவள் பெயரைச் சொன்னேன். வீடு எந்தச் சந்தில் என்று சொன்னேன். பேட்டரி என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடித் திறந்து, உண்மையாகவே யோசித்தார். "எத்தனையோ பிள்ளைய வந்து போச்சு. யாரத் தாயி சொல்லுத?" என்றார். நடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் நகரவில்லை. யாரும் என்னை நகரச் சொல்லவும் இல்லை. கற்பூரம் தட்டில் எரியாமலே இருந்தது. பூசாரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நல்ல நேரம் போய்விட்டது. ஸ்டோரேஜ் எழுதி முடித்துத் தானாக அணைந்தது. அதன் பிறகு சுவிட்சை நானே இறக்கினேன். மணி அடித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், அண்ணாச்சி சுண்டல் வாங்கிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அக்காவுக்காகவும் இவ்வளவு நேரம்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.