சித்தி பட்டுடுத்திப் போன சந்தை ஊர்

பட்டுச்சேலையிலிருந்து எழும் பூச்சி உருண்டை மணமும் நனைந்த செம்மறியாட்டுப் பிழுக்கை மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்பது உலகத்தில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். அந்தப் பாக்கியம் எனக்குப் பத்து வயதில், இங்கிலாந்தின் ஒரு சந்தை ஊரில் கிடைத்தது. லண்டனில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் தங்கை, வாகனத்தை ஓட்டினார். பக்கத்தில் அப்பா கமராவோடு. பின் இருக்கையில் அம்மா, நான், எங்கள் இருவருக்கும் நடுவில் மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் கட்டி, கழுத்தும் கையும் நிறைய நகை போட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்த என் சித்தி.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன அழகு!" என்று எனக்கே படம் அனுப்புவார்கள். தேன் நிறக் கல்லில் கட்டிய கூனல் வீடுகள், நடுவில் ஒரு சந்தைச் சதுக்கம், அதன் ஓரத்தில் ஒரு தேவாலயம், சுற்றிவரப் பச்சை மேடுகள், மேடுகள் முழுக்க ஆடுகள். நாட்காட்டி அச்சடிக்கிறவர்களின் வசதிக்காகக் கட்டியதுபோல இருக்கும் அந்த ஊருக்கு, பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் போக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. ஊரில் நடந்த உள்நாட்டுப் போருக்குள் இருந்து தப்பி சிட்னிக்கு வந்து, எங்கள் வீட்டில், என் அறையில், எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆசுப்பத்திரிக் குசினியில், நோயாளிகளுக்குச் சமைக்கிற இடத்தில், வேலை. வேலை முடிந்து வந்ததும், அன்றைக்கு எந்த நோயாளி எந்தச் சாப்பாட்டை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டுவார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவருக்கு வயது போகிறதே என்று அம்மாவுக்குக் கவலை. அந்தக் கவலையின் மருந்தாகத்தான் மாமி இந்தச் சந்தை ஊரில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்திருந்தார். பல் டாக்டர். சொந்த வீடு, சொந்த கிளினிக், ஒரு தாய். சம்பந்தம் சரிவந்தால் சித்தி இங்கேயே இருந்துவிடுவார், எனக்குப் பக்கத்துக் கட்டில் வெறுங்கட்டிலாகிவிடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆகவே அந்த ஊரை ஒரு கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. "பொம்பிளை பாக்கிறது" என்று யாரும் வாயால் சொல்வதில்லை; தற்செயலாகச் சந்திப்பது. சிட்னியில் அதற்கு மேய்ஸ் ஹில் முருகன் கோயில் இருக்கிறது. பெண்வீட்டார் கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் செருப்புக் கழற்றும் இடத்தில் நிற்பார்கள், "அட, நீங்களும் வந்தனீங்களோ!" என்று இரண்டு பக்கமும் வியந்துகொள்ளும். சரிவந்தால் அடுத்த கிழமை ஒரு போன் வரும். சரிவராவிட்டால் போன் வராது. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாகாது, ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்கவே வரவில்லை. மாப்பிள்ளை இங்கிலாந்தில் இருந்ததால், கோயிலுக்குப் பதில் இந்தச் சந்தை. உலகத்தின் அடுத்த கரையிலிருந்து விமானம் ஏறி வந்து தற்செயலாகச் சந்திப்பது எப்படி என்று நான் கேட்டபோது அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"நாங்கள் சும்மா ஊர் பாக்கப் போறம். விளங்குதோ?"

அன்றைக்குச் சந்தை நாள். கிழங்கும் பாற்கட்டியும் சேறு காயாத முட்டைக்கோசும் விற்றுக்கொண்டிருந்த கடைகளுக்கு நடுவே சித்தி பட்டு சரசரக்க நடந்தார். மழைச்சட்டை போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்ததைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது அவர்கள் வளர்ப்பு, ஆகவே உடனே முட்டைக்கோசைப் பார்த்தார்கள். சதுக்கத்தின் நடுவில் இருந்த கற்தூணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார் நின்றார். தைத்து மெத்தையாக்கிய பச்சைச் சட்டை, முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து, கையில் ஒரு தடி. பருத்தித்துறைக்காரி என்று யாராவது சத்தியம் பண்ணினால்தான் நம்பலாம்.

"அட! நீங்களும் இஞ்சையோ!" என்றார் அந்த அன்ரி.

"ஓமோம், பிள்ளைக்கு ஊர் காட்டுவம் எண்டு சும்மா வந்தனாங்கள்" என்றார் அம்மா, பட்டில் ஜொலித்துக்கொண்டிருந்த தங்கையை முன்னால் மெல்லத் தள்ளியபடி.

பின்னால் நின்ற பல் டாக்டர் சித்தியைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து, "கனக்க இனிப்புச் சாப்பிடுறனீரோ?" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்புக்கு அதற்குப் பிறகு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

தேநீர்க்கடைக்குப் போனோம். உத்தரம் தலையில் இடிக்கிற, ஒரு பக்கம் சரிந்த கடை. கால் ஆடுகிற கதிரை ஒன்றில் என்னை இருத்தினார்கள். அன்ரி அந்த உத்தரத்தைத் தடியால் சுட்டி, "ஐந்நூறு வருசம்!" என்றார்; ஏதோ அவருடைய பாட்டனார்தான் மரத்தை அரிந்து ஏற்றியவர் என்பதுபோல. சதுக்கத்துக் கற்தூணைப் பற்றியும், அந்தக் காலத்தில் ஆட்டுமயிர் விற்றுப் பணக்காரரான வெள்ளைக்காரச் செட்டிமார் தேவாலயத்துக்குக் கோபுரம் கட்டியதைப் பற்றியும், "எங்கடை ஊர்", "எங்கடை மேடு", "எங்கடை ஆக்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அம்மா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் என் காதுக்குள், "ஐந்நூறு வருசமா ஒருத்தனும் கூரையை நிமித்தேல்லையே பார்" என்றார். சித்திக்கு அது கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்கியதில் அவருடைய தோடு ஆடியதை நான் கண்டேன்.

அதன் பிறகுதான் வினை. "வாங்கோவன், ஒரு நடை நடப்பம்" என்று அன்ரி எழுந்தார். இது முன்கூட்டியே அவர்கள் போட்டிருந்த திட்டம் என்பது அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தற்செயலாகச் சந்திக்கப்போகிறவர்களிடம், வரும்போது சேற்றுக்குச் சப்பாத்துப் போட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதேபோல, பட்டும் மெல்லிய செருப்புமாக வந்திருக்கிறோம், நடை வேண்டாம் என்று அம்மாவாலும் சொல்ல முடியாது. ஊர் பார்க்க வந்தவர்கள் ஊர் பார்க்கமாட்டோம் என்று சொல்லலாமா? இரண்டு பக்கமும் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினோம். ஏற ஏறச் சித்தியின் சேலைக்கரை சேற்றை வழித்துக்கொண்டு வந்தது.

இளம் ஆட்கள் இருவரையும் முன்னால் விட்டுப் பெரியவர்கள் பின்தங்கினார்கள். பாதையோரம் உட்காரப் போட்டிருந்த வாங்கு ஒன்றில் அம்மா கையோடு கொண்டுவந்த கட்லட் பெட்டியைத் திறந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி எல்லோரையும் கூப்பிட்டார். "இஞ்சாலை திரும்புங்கோ ரண்டு பேரும், ஒரு படம்!" என்று அப்பா கத்தினார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களை விலத்திக்கொண்டு போனது. முன்னால் போன இருவரும் ஆட்டுவேலியில் இருந்த ஒரு மரப் படலையடியில் நின்றார்கள். டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் ஏதோ சொன்னார். சித்தியும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகி, படலையைத் திறந்து ஆடுகளுக்கு நடுவே தனியே ஏறிப் போனார். டாக்டர் போகவில்லை. படலையைக் கவனமாகச் சாத்திவிட்டு, சப்பாத்தைப் புல்லில் துடைத்துத் துடைத்து எங்களிடம் இறங்கி வந்தார்.

"அவவுக்கு வியூ பாக்கவேணுமாம்" என்றார்.

சித்தி மேட்டின் உச்சியில் நெடுநேரம் நின்றார். மயில்கழுத்துப் பட்டு அங்கே காற்றில் பறந்துகொண்டிருந்ததை நாங்கள் கீழே நின்று பார்த்தோம். இறங்கி வந்தபோது கால் முழங்கால்வரை சேறு, முகம் சிவந்திருந்தது. "சரி, போட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டோம். அவர்களும் தற்செயலாகவே விடைபெற்றார்கள்.

போன் வரவில்லை. சிட்னிக்குத் திரும்பியும் வரவில்லை. மாமியிடம் கேட்கவும் முடியாது, கேட்டால் பார்க்கப் போனோம் என்றாகிவிடும். எனக்குச் சித்தி திரும்பக் கிடைத்த சந்தோசம், பக்கத்துக் கட்டில் வெறுங்கட்டிலாகவில்லை. அம்மாவுக்கோ அது ஆறாத புண். சலவைக் கடைக்குக் கொடுத்தும் போகாத சேற்றுக்கறையோடு அந்தச் சேலையை மடித்து வைக்கும்போதெல்லாம், "ஆட்டுப் பட்டிக்குள்ளை இருக்கிற சனம் எங்கடை பிள்ளையை வேண்டாமெண்டு போட்டுது!" என்பார். தொலைக்காட்சியில் ஒரு செம்மறி வந்தாலே போதும், தொடங்கிவிடுவார். நானும் அம்மாவோடு சேர்ந்து அந்த ஊரை வெறுத்தே வளர்ந்தேன். அந்தப் பல் டாக்டர், எங்கள் சித்தி தனியே மேடு ஏறியபோது துணைக்குப் போகாமல் சப்பாத்துத் துடைத்த மனுசன், என் மனத்தில் அந்தப் படலையடியிலேயே நின்றுகொண்டிருந்தார். சித்தி பிறகு எந்தச் சம்பந்தத்துக்கும் சம்மதிக்கவில்லை. மேய்ஸ் ஹில்லில் கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் இப்போது தனியாக, தன்பாட்டில் இருக்கிறார். இங்கிலாந்துப் பேச்சு வந்தால் வாயே திறக்கமாட்டார். வெட்கம் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இந்த வருடம் கிளேட்டனில் இருக்கும் என் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாநாட்டுக்காக இங்கிலாந்து போனேன். ஒரு நாள் மிஞ்சியது. எந்தப் பேய் பிடித்ததோ, இரயிலும் பேருந்துமாக மாறி மாறி அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். தேநீர்க்கடை போய்விட்டது, அந்த ஐந்நூறு வருச உத்தரத்துக்குக் கீழே இப்போது நாய்களுக்குச் சட்டை விற்கிறார்கள். சந்தைச் சதுக்கம் கார் நிறுத்துமிடம். கிழங்கும் முட்டைக்கோசும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் யாரோ ஒருவர் வாசனைச் சவர்க்காரம் விற்றுக்கொண்டு நின்றார். கற்தூணில் ஒரு புறா. உள்ளூரச் சந்தோசப்பட்டேன், மறைக்கமாட்டேன். மேட்டுப் பாதையில் ஏறினால், மரப் படலை இருந்த இடத்தில் இரும்புப் படலை. அங்கே நின்று சித்தியைத் தொலைபேசியில் முகம் பார்த்துக் கூப்பிட்டேன். சிட்னியில் அப்போது இரவு, கோயிலுக்குப் போய் வந்த திருநீற்றோடு எடுத்தார்.

"எங்கை நிக்கிறன், பாருங்கோ" என்று கமராவைத் திருப்பினேன்.

முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "அந்தப் படலையடியெல்லே!" என்றார்.

"ஓம் சித்தி. உங்களை வேண்டாமெண்ட ஊர். குட்டிச்சுவராப் போச்சு."

"ஆர் சொன்னது என்னை வேண்டாமெண்டது எண்டு?" என்று சிரித்தார். "அந்தாளுக்கு என்னைப் பிடிச்சுத்தான் இருந்தது. இந்தப் படலையடியிலைதான் கேட்டவர், சம்மதமோ எண்டு. கேட்டுப்போட்டு, 'அக்காவையும் அத்தானையும் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்கோ, எங்கடை ஊர் ஆக்கள் பாக்கினம்' எண்டார். நான் திரும்பிப் பாத்தன். அக்கா கட்லட்டோடை நிக்கிறா, அத்தான் கமராவோடை நிக்கிறார், நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய். எனக்குச் சம்மதமில்லை, வந்ததுக்கு மேட்டைப் பாத்திட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் சித்தி ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் கொம்மா விடுவாவே? அழுது குழறிச் சம்மதிக்க வைச்சிருப்பா. அவையள் வேண்டாமெண்ட மாதிரி இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. நீயும் சொல்லிப்போடாதை. இத்தினை வருசமா அந்தச் சனத்தைத் திட்டித் திட்டித்தான் அவ சுகமா இருக்கிறா."

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் விடவில்லை. "என்ன அதிலை நிண்டு அழுறாய்? மேலை ஏறு. நல்ல ஊர் பிள்ளை அது, ஆக்கள்தான் சரியில்லை. அண்டைக்கு உங்களை எல்லாம் கீழை விட்டிட்டு நான் மட்டும்தான் பாத்தனான். இப்ப எனக்கு ஒருக்காக் காட்டு."

அந்த ஊரை எனக்கு இப்போதும் பிடிக்காது. மாநாட்டுக்கென்று வாங்கிய மெல்லிய சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து சேற்றுக்குள் காலை வைத்தேன்.