யகட தியெனவா

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் கொழுந்து பறித்த காளியாயி லேசில் யாருக்கும் பணிகிறவள் அல்ல. கங்காணியே அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார். அப்படிப்பட்டவளுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துக்கொண்டு வந்தது. முள்ளந்தண்டில் நரம்பை ஏதோ நசுக்குகிறது, எம்.ஆர்.ஐ. படம் பார்த்து உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மகள் வினோதா அம்மாவின் தாலி, மூக்குத்தி, மிஞ்சி, சட்டை ஊக்கு வரைக்கும் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே நின்றாள். நோயாளி மட்டும்தான் உள்ளே போகலாம். சிங்கள நர்ஸ் ஒருத்தி படிவத்தை வைத்துக்கொண்டு, காளியாயியின் உடம்பைத் தொட்டுக் காட்டி, "அம்மே, யகட தியெனவாத?" என்று கேட்டாள். இரும்பு ஏதும் இருக்கிறதா?

காளியாயிக்கு அது புதுக் கேள்வியா என்ன! ரத்தம் குறைவென்று தோட்டத்து மருத்துவிச்சி மாதாமாதம் "யகட மதி", இரும்பு போதாது என்று திட்டித் திட்டித்தானே மாத்திரை விழுங்க வைத்தாள்? ரெண்டு வருஷமாக ஒருநாள் தவறாமல் விழுங்கியவள் சும்மா இருப்பாளா? "தியெனவா! ஹொந்தட்ட தியெனவா!" நன்றாகவே இருக்கிறதாம். பாவி மனுஷி, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நர்ஸ் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, அவளை வெளியே அனுப்பிவிட்டாள்.

மெஷினை இயக்குகிற அப்ராஸ் தமிழ் பேசுகிறவர். உள்ளே நடந்ததை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வினோதா அவரிடம்தான் ஓடினாள்.

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம், தங்கச்சி. நம்ம ஒடம்புத் தண்ணியில ஒவ்வொரு ஐதரசன் கருவும் ஒரு பொடிக் காந்தம். சும்மா இருக்கையில கண்ட பக்கம் பாத்து நிக்கும். மெஷினுக்குள்ள போனா ஏறக்குறையப் பாதி இப்புடி, பாதி அப்புடி. பத்து லட்சத்துக்கு அஞ்சாறுதான் ஒரு பக்கம் கூடுதலா நிக்கும். அந்த அஞ்சாற வச்சுத்தான் படமே வருது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். அதுக்குத்தான் இவ்ளோ பெரிய காந்தம். மெய்யாவே இரும்புத் துண்டு உள்ள இருந்தா சதையக் கிழிச்சிரும்."

"ஐயோ, அம்மா சொன்னது மாத்திரைங்க!"

"எனக்கு வெளங்குது. ஆனா இருக்குன்னு எழுதியாச்சே. இனி எக்ஸ்ரே எடுத்து டாக்டர் கையெழுத்து வைக்கணும். அவரு போயிட்டாரு. என் கையில ஒண்ணுமில்ல, தங்கச்சி."

அடுத்த திகதி ஏழு வாரம் கழித்து. இருக்கிற ஒரு மெஷினுக்கு அவ்வளவு வரிசை! முன்னுக்கு ஒரு நாள் கேட்டு வினோதா நடையாய் நடந்தாள், அழுதாள், ஒருமுறை கத்தியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காளியாயி முதலில் கம்பு ஊன்றினாள், பிறகு சுவரைப் பிடித்தாள், கடைசியில் கக்கூஸுக்குக்கூட மகள்தான் தூக்கிப் போனாள். கங்காணியை மிரட்டிய வாய் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

இரண்டாம் முறை படம் தெள்ளத் தெளிவாக வந்தது. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வினோதாவிடம் சிங்களத்தில் பேசினார்.

"என்னடி சொல்றாரு?"

"ஆப்ரேசன் பண்ணுவாங்களாம்மா. நடந்துருவீங்களாம்."

காளியாயி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாத புள்ள. பரக்குன்னாரு. பஸ்ஸு பரக்கு, ஐயா பரக்குன்னு நாளெல்லாம் கேக்குற சொல்லுதானே, எனக்குத் தெரியாதா? பிந்திருச்சுங்கிறாரு."