பின்பக்கம் பார்க்கும் குராமோச்சி

மெக்கானிக் குராமோச்சி பழுதுக்கு வரும் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார் என்று ஜப்பானில் எங்கள் ஹமமட்சு நகரக் கடைத்தெருவில் ஒரு பேச்சு. வம்பை விசாரிக்காமலே எழுதுவது என் வழக்கம். அன்று வேறு வேலை இல்லாததால் பட்டறைக்கே போய்விட்டேன்.

பேச்சு உண்மை. கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, வண்டியில் மேடேறிப் போகும் புத்த கோயில் சாமியார் ஜாகுவென்னுடைய அங்கியின் பின்பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைச் சுருக்கியே பார்த்துப் பழகியதால், மற்றக் கண் எப்போதும் திடுக்கிட்டது போலிருக்கும்.

சாமியார் திரும்பி வந்து இறங்கினார். முழங்கையில் கட்டு. மறுநாள் ஓபோன் தொடக்கம். இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள். முப்பத்தெட்டு வீடுகளில் மந்திரம் ஓதியாக வேண்டும். மேட்டு வளைவில் ஆக்சிலேட்டரை முறுக்கினாலே பின்சக்கரம் வழுக்குகிறது. ஒருமுறை விழுந்தும் ஆயிற்று.

"பின்னாடி அமுங்குதுப்பா. போன வருஷம் காணிக்கைத் தர்பூசணியெல்லாம் ஏத்தினதுலேர்ந்து இப்படித்தான். நானே மூணு தடவை ஸ்பிரிங்கை இறுக்கிட்டேன். நீ ஒரு தடவை இறுக்கு."

"அமுங்கல சாமி, தூக்குது. உங்க பின்பக்கம் ரெண்டு விரக்கடை மேல போச்சு. பாத்தேன்."

"முறுக்கினா பாரம் பின்னாடிதானே வரும்? எப்படித் தூக்கும்?"

குராமோச்சி வாதாட மாட்டார். அவருக்காகச் சுவர் வாதாடும். பக்கத்து முடிதிருத்தகத்தின் வெள்ளைச் சுவர் அது. சாமியாரை வண்டியில் ஏற்றி, முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். முன்னே போக வழியில்லாத வண்டி, சாமியாரோடு சேர்த்துப் பின்பக்கத்தை மேலே தூக்கியது.

"பாரம் அமுக்கத்தான் பாக்கும் சாமி. ஆனா சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஸ்விங் ஆர்ம் சாஞ்ச ஏணி மாதிரி. ஏணிக் காலைச் சுவர்ப்பக்கம் தள்ளினா தலை மேல போகுதில்ல? சக்கரம் முன்னால தள்ளுது, சீட்டு எழும்புது. கொஞ்சம் எழும்பினா நல்லதுதான். நீங்க இறுக்கி இறுக்கி ஏணியை ரொம்ப நிமித்திட்டீங்க. பின்னாடி விறைச்சு நிக்குது, டயருக்குப் பிடிப்பு இல்ல."

கத்தரிக்கோலோடு வெளியே வந்தார் முடிதிருத்தகத்து ஓகினோ அம்மாள்.

"இதோட என் சுவத்துல பதினேழு டயர்க் கோடு. வெள்ளையடிச்சுத் தரேன்னு சொல்லி மூணு வருஷம். இன்னொண்ணு விழுந்தா வேலி போட்டுடுவேன், குராமோச்சி."

"நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஒரு மந்திரம் கூடுதலா ஓதறேம்மா" என்றார் சாமியார், இறங்காமலே.

"அவரு எதுவும் கேக்கல சாமி. சுவர்தான் கேக்குது."

குராமோச்சி அந்தப் பக்கமே திரும்பாமல் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். சாமியார் மறுபடி மேடேறினார். வளைவில் முறுக்கும் சத்தம் கேட்டது. அங்கி இருந்த உயரத்திலேயே, வழுக்காமல் வளைந்து மறைந்தது.

"தர்பூசணி ஏத்தினா மட்டும் இறுக்குங்க" என்று குராமோச்சி வெற்றுச் சாலையைப் பார்த்துக் கத்தினார்.

ஓகினோ அம்மாள் நகரவில்லை. குராமோச்சி இடுப்பு வளைய அவரை வணங்கினார். உள்ளே போய் வெள்ளை வர்ண டின்னை எடுத்துவந்தார். முத்திரைகூட உடையாத டின். சட்டைக் கையால் மூடியின் தூசியைத் துடைத்து, அவருக்குத் தெரியும்படி இரு கைகளாலும் உயர்த்திக் காட்டி, திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.