இருபத்தேழு ‘இல்லை’

ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போன மனிதர் சிமெண்டுக் கிடங்கில் போய் நின்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? டிரைவர் முந்நூறு ரொட்டிகளோடு அங்கே போய் நின்றார். முன்னால் போன லாரியின் சக்கரத் தடத்திலேயே தன் சக்கரத்தையும் வைத்து, தான் திரும்ப வேண்டிய தெரு, கடைவீதி, ரயில்வே கேட் எல்லாவற்றையும் தாண்டி, லாரி நின்ற இடத்தில் நின்றார். கிடங்குக் காவல்காரர் வந்து “யாருக்குங்க ரொட்டி?” என்று கேட்டபோதுதான் அவருக்குச் சுரணை வந்தது. ரொட்டி ஆலையில் ஒரு வாரம் இதே பேச்சுதான். “அடுத்த தடவை சவ வண்டிக்குப் பின்னாடி போயிடாதீங்க” என்று அடுப்புக்காரர் வாரினார்.

சிரித்தவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. பதினோரு வருஷம் ராணுவ லாரி ஓட்டிய கை அது என்று அவர்களுக்கு எங்கே தெரியும். கண்ணிவெடி புதைத்த சாலையில் வரிசையாகப் போகும் லாரிகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. முன்வண்டியின் தடத்தை விட்டு ஒரு சாண்கூட விலகாதே. முன்வண்டி மிதித்த மண் வெடிக்காத மண். விலகியவன் வீட்டுக்குப் பெட்டியில் போவான். அந்தப் பாடம் மண்டையில் ஏறிவிட்டது; சண்டை முடிந்து எட்டு வருஷமாகியும் இறங்க மறுத்தது. ஆலை முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டுத் துரத்தவில்லை. வண்டிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு தட்டு அடுக்கும் வேலையைக் கொடுத்தார். அதற்குப் பிறகும் எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டார்கள்.

தட்டு அடுக்குவதும் லேசுப்பட்ட வேலையில்லை. சுடச்சுடத் தகரத் தட்டுகள், ஒரு ரேக்குக்குப் பதினெட்டு. யாராவது ஒரு தட்டைக் கை நழுவ விட்டால் போதும், அடுத்த நொடி டிரைவர் மேஜைக்கு அடியில் இருப்பார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. முட்டி தரையில் பட்ட பிறகுதான் விஷயம் அவருக்கு எட்டும். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, “மேஜை கால் ஆடுதான்னு பாத்தேன்” என்பார். யாரும் நம்பவில்லை, யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. மறதி வேறு. “எங்கப்பா பேரை நீங்க மறந்தது எனக்குச் சந்தோஷம்தான், இனிமே பேர் சொல்லித் திட்ட முடியாதே” என்று மனைவி ஒரு நாள் கேலி செய்தாள். சாப்பிட்டுக் கை கழுவியவர் மறுபடி தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்த அன்றைக்கு அவளுக்குக் கேலி வரவில்லை.

இவ்வளவையும் வீடு தாங்கிக்கொண்டது. அதை இரண்டாக்கியது ஒரு கதவு. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒன்பது வயது மகள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காற்றில் சமையலறைக் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. டிரைவர் பாய்ந்து மகளைத் தரையில் தள்ளி, அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டார். பிள்ளை கத்தினாள். அவள் கத்தக் கத்த இவர் இறுக்கினார். மனைவி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. எழுந்தபோது பிள்ளையின் தோள் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட நர்ஸ் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “அப்பா என்னைக் காப்பாத்தினாரு” என்றாள் மகள். அதைக் கேட்டு டிரைவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நின்றார்.

அன்று சாயங்காலமே மனைவியின் அக்கா வந்து பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “உங்க தலை சரியாகட்டும். நானே கொண்டாந்து விடுறேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போது மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறேன்மா” என்று டிரைவர் வாக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மனைவி அவரை இழுக்காத குறையாக நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பொறுமைசாலி. லாரியோரம் ஒரு தடவை கண்ணிவெடி வெடித்தது வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மண்டை உடையலைன்னா மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்லைங்க” என்றார். “வெடிச்ச அதிர்வு உள்ள புகுந்து மூளையையே உலுக்கிடும். அது போதாதுன்னு வருஷக்கணக்கா உயிர்ப் பயம் வேற. ஆபத்து, ஆபத்துன்னு கத்துற ஒரு பகுதி மூளையில இருக்கு. உங்களுக்கு அது ஓயவே மாட்டேங்குது. ‘சும்மா இரு, அது கதவு’ன்னு அதட்ட வேண்டிய முன்பகுதி தாமதமா வந்து சேருது. அது வர்றதுக்குள்ள உடம்பு பாஞ்சிடுது.”

“அப்ப நான் பைத்தியம் இல்லையா?”

“இல்லை. காயம் பட்டவர். காயம் வெளிய தெரியலை, அவ்வளவுதான்.”

எட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. டிரைவர் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டார். ராணுவ ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, ஆறு மாதம் தங்கிப் பழக வேண்டும், முழுக்கப் போகாவிட்டாலும் அடங்கும், பிள்ளையோடு ஒரே வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு சிக்கல். காயம் ராணுவ வேலையில் வந்தது என்று மருத்துவ வாரியம் ஒரு தாள் கொடுக்க வேண்டும். தாள் இருந்தால் வார்டு, வார்டு முடிந்தால் மகள். டிரைவருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மனைவி மூன்று தடவை மனு எழுதினாள். மூன்றாவது தடவை வாரியம் பதில் போட்டது, கூடவே ஒரு நகலும் வைத்திருந்தது. ராணுவத்திலிருந்து விடுபட்டு வீட்டுக்குக் கிளம்பிய நாளில் அவர் கையெழுத்துப் போட்ட படிவம் அது. ‘அடிக்கடி தலைவலி உண்டா? எப்போதாவது நினைவு தப்பியதா? தூக்கம் கெடுகிறதா?’ என்று இருபத்தேழு கேள்விகள். இருபத்தேழுக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக்.

அந்த நாளை ஊரில் யாரிடம் சொன்னாலும் புரியாது. ராணுவத்தில் இருந்தவனுக்குச் சொல்லவே வேண்டாம். நாற்பது பேர், ஒரு கூடம், நாலு மணிக்கு ரயில். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டாலும் பரிசோதனை என்று இன்னும் இரண்டு மாதம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். “எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு ரயிலைப் பிடிங்கடா” என்றார் சார்ஜென்ட். நாற்பது பேரும் அப்படியே போட்டார்கள். பெண்டாட்டி முகத்தையும் கைக்குழந்தையையும் பார்க்கத் துடிக்கிறவன் வேறு என்ன போடுவான். டிரைவருக்கு அன்றைக்கே பேனா கட்டத்தில் நிற்கவில்லை. “கொடுடா” என்று பிடுங்கி அத்தனையையும் டிக் அடித்துக் கொடுத்தவன் ஸ்டெப்னி.

ஸ்டெப்னி என்றால் மாற்றுச் சக்கரம்; இவன் மாற்று ஓட்டுநர். லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவனுடையது. டிரைவருக்கு ஏதாவது ஆனால் அவன் ஓட்ட வேண்டும், அதனால் அந்தப் பட்டப்பெயர். ஆகவும் செய்தது. வலது ஓரத்தில் வெடித்த வெடியில் கண்ணாடி சிதறி, டிரைவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்துவிட்டார். வரிசை நிற்கக்கூடாது. ஸ்டெப்னி அவரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்வண்டித் தடத்தை விடாமல் நாற்பது நிமிஷம் ஓட்டினான். டிரைவருக்கு நினைவு வந்தபோது முகாம் வந்திருந்தது. வண்டி நிற்காததால் எந்தப் பதிவுப் புத்தகத்திலும் அது ஏறவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

அவன் நல்லவன்தான், அதுதான் வயிற்றெரிச்சல். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவான். மகள் அவனைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். படிவ விஷயம் கேட்டதும், “நீ எதுக்குடா கவலைப்படுற? நான் வந்து சொல்றேன். என் மடியிலதானே கிடந்த” என்றான். அந்தப் பேச்சை நம்பி டிரைவர் மகளின் கட்டிலுக்குப் புது மெத்தை உறைகூட வாங்கிப் போட்டார்.

விசாரணை பதினோரு மணிக்கு. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். வாரியத் தலைவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, சாட்சி சொல்ல வந்த ஸ்டெப்னியைக் கேட்டார்.

“வெடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“பின்னாடி வண்டியில சார்.”

டிரைவர் தன் காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

“இவர் மயக்கம் போட்டதைப் பார்த்தீங்களா?”

“இல்லை சார்.”

ஸ்டெப்னி டிரைவர் பக்கம் திரும்பவே இல்லை. பத்து நிமிஷம் வெளியே இருங்கள் என்று அனுப்பினார்கள். நடைபாதையில் பெஞ்சில் இருந்த மனைவி இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு எழுந்தாள். டிரைவர் ஸ்டெப்னியின் சட்டைக் கையைப் பிடித்தார்.

“என்னடா சொன்ன உள்ள?”

“போன மாசம்தான் ஸ்கூல் பஸ்ஸை எனக்கு நிரந்தரமாக் கொடுத்தாங்க” என்றான் ஸ்டெப்னி, தரையைப் பார்த்துக்கொண்டு. “அந்த வண்டியில இருந்தேன்னு சொன்னா என் தலையையும் சோதிப்பாங்கடா.”

“உன் தலைக்கு என்ன?”

“உனக்கு இருக்கிறதுதான். போன வாரம் ரோட்டுல ஒரு சாக்கு கிடந்தது. பஸ்ஸை நடு ரோட்டுல நிறுத்திட்டு, பசங்களை எல்லாம் சீட்டுக்கு அடியில படுக்கச் சொல்லிட்டேன். விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே படுத்தாங்க. என்னை விட்டுடுடா. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு.”

டிரைவருக்குக் கோபம் வந்தது உண்மை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவனைக் கொஞ்சவா தோன்றும்? ஆனால் கோபத்துக்கு அடியில் அந்தப் பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் படுத்துச் சிரிப்பதும் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டதும் அவர் உட்காரவில்லை.

“சார், இவன் பொய் சொல்றான். என் பக்கத்து சீட்டுலதான் இருந்தான். இவனுக்கும் தலையில அடி. ஸ்கூல் பஸ் ஓட்டுறான் சார். என்னை விட்டுடுங்க, இவனையாவது பாருங்க.”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மேஜையில் கை பட்டுத் தண்ணீர்க் குவளை சாய்ந்தது. தலைவர் ஸ்டெப்னியைப் பார்த்தார். “என்னங்க, அப்படியா?”

ஸ்டெப்னி சாய்ந்த குவளையை நிமிர்த்தி வைத்தான். “பாவம் சார் அவன்” என்றான். “அப்பப்ப இப்படித்தான் ஆயிடும். என்ன பேசுறோம்னு தெரியாது. மனசுல வெச்சுக்காதீங்க.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். வெடிச்சத்தத்துக்குத் துள்ளி எழும் டிரைவரின் உடம்பு, அந்த மெதுவான குரலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தது. தலைவர் எழுத்தரிடம் சொல்லச் சொல்ல அது தாளில் ஏறியது: ‘மனுதாரரிடம் காரணமற்ற சந்தேகமும் பிறர்மேல் பழிபோடும் இயல்பும் காணப்படுகின்றன. இவை பணியினால் ஏற்பட்டவை என்பதற்கு ஆதாரம் இல்லை.’ அவர் சொன்ன ஒரே உண்மையை நோயென்று எழுதி, அந்த நோய் சண்டையில் வந்ததல்ல என்றும் எழுதி, இரண்டுக்கும் கீழே முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது ஸ்டெப்னி போயிருந்தான். மனைவி தாளை இரண்டு தடவை படித்தாள். “பாவி” என்றாள்; யாரைச் சொன்னாள் என்று டிரைவர் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுடைய போன் அடித்தது. மதிய இடைவேளைக்குப் பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்த மகள், காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தாளாம். மனைவி போனை அவரிடம் நீட்டினாள்.

“அப்பா, என்ன சொன்னாங்க?”

“சண்டையில எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிட்டாங்கம்மா.”

“ஹையா. அப்ப இன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

‘வர்றேன்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையில் முத்திரை போட்ட தாளே இருக்கிறது, யாரும் கேட்க முடியாது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கடைக்காரர் இரும்பு ஷட்டரை இறக்கினார். டிரைவரின் உடம்பு பாதி மடங்கி, பிறகு நிமிர்ந்தது.

“வேண்டாம்மா” என்றார். “நீ அங்கேயே இரு.”

“ஏன்ப்பா? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

அவர் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார்.

“அப்ப உங்களுக்குத்தான் நான் வேண்டாம்” என்றாள் மகள். இல்லை என்று அப்பா சொல்வாரென்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தாள்.