தெருவே சார்ஜ் போட்ட பேட்டரி

வலியசாலை ராஜஸ்ரீ மொட்டை மாடியில் சோலார் தகடு வைத்ததை அந்த அக்ரஹாரம் மன்னிக்கவே இல்லை. பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவள் கோவிலுக்குப் போனோம், வற்றல் போட்டோம் என்று இருக்காமல், வீட்டிலிருந்தே கம்பியில்லாமல் ஊரூராகப் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியதே பலருக்குப் பொறுக்கவில்லை. அவள் ஏரியல் நட்டதும், கோபுர தரிசனம் மறைகிறது என்று புகார் கிளப்பினார் தெரு சங்கச் செயலாளர் மஹேஷ். உண்மையில் மறைத்தது அவர் எழுப்பிய மூன்றாவது மாடி. அதை யார் கேட்பது?

போன மழையில் கரண்டும் போய், மொபைல் டவர்களும் படுத்துவிட்டன. மலைமேல் ஓர் எஸ்டேட்டுக்குப் போகும் சாலையை மண்சரிவு மூடிவிட்டது. அங்கே மாட்டிக்கொண்ட இன்னொரு ஹாம் ரேடியோக்காரன் பிரஜினிடம் சின்ன ரேடியோ ஒன்று இருந்தது. அவன் குரல் கலெக்டர் ஆபீஸ் வரை எட்டாது, ராஜஸ்ரீக்கு எட்டும். அவள்தான் செய்தியை வாங்கிக் கலெக்டர் ஆபீசுக்குச் சொல்லவேண்டும். சூரியன் தலைகாட்டாத நாட்களில் தகடு தரும் கொஞ்சநஞ்ச மின்சாரத்தை ஒரு பேட்டரியில் சேர்த்து, இதை யாரும் தொடக்கூடாது என்று கணவர் வெங்கடேஸ்வரனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காற்றில் சாய்ந்த ஏரியலை நிமிர்த்திவிட்டு மத்தியானம் இறங்கி வந்தால், வாசல் முழுக்கச் செருப்பு. தெருவே பேட்டரியில் போனும் பவர் பேங்குமாகச் சொருகியிருந்தது. நேற்றிலிருந்தே, அவள் அசந்த நேரமெல்லாம் நடந்திருக்கிறது.

“ஏன்னா, என்ன இது?”

“ஆத்துக்கு வந்து கேக்கறா. எப்படி மாட்டேன்னு சொல்றது? மரியாதை இல்லையாக்கும்.”

“டவரே இல்லை. போனை வெச்சுண்டு யார்கிட்ட பேசப்போறா?”

“பேசறதுக்கில்லைடி,” என்றாள் எதிர்வீட்டு மங்கலம். “தெருவிலே வெள்ளம் வந்ததைப் படம் எடுக்கத்தான்.”

ராஜஸ்ரீ எல்லா ஒயரையும் பிடுங்கி எறிந்தாள். அப்போதுதான் ரேடியோவில் பிரஜினின் குரல் மலையாளத்தில் வந்தது.

“சேச்சி, கேக்குன்னுண்டோ? அர்ஜென்ட் மெசேஜ் உண்டு.”

கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், பேசுவதற்குத்தான் நிறைய வேண்டும். மைக்கை அழுத்தியதும் செட் அணைந்தது. விட்டால் மறுபடி அவன் குரல். அவன் பேட்டரியும் சின்னது. எழுதிக்கொள்ளத் தயார் என்று இவள் சொல்லாமல் அவன் செய்தியைச் சொல்லமாட்டான், அதுதான் ரேடியோக்காரர்கள் முறை.

மஹேஷிடம் ஓடிப்போய்க் கார் பேட்டரியைக் கேட்டாள்.

“புதுக் காராக்கும், மாமி. கழட்டினா வாரண்டி போயிடும்,” என்றார், அவள் வீட்டில் சார்ஜ் ஏற்றிய போனைக் கையில் வைத்துக்கொண்டு.

சாயங்காலம் கொஞ்சம் வெயில் விழுந்த பிறகுதான் அவளால் பதில் சொல்ல முடிந்தது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாடம்மாளுக்குப் பிரசவ வலி, உடனே டாக்டர் வேண்டும். இதுதான் செய்தி. மீட்புக் குழு மலையேறிப் போனது. மாடம்மாள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மழை விட்டதும் கோவில் மண்டபத்தில் ராஜஸ்ரீக்குப் பொன்னாடை. தெருவுக்கே சார்ஜ் கொடுத்ததற்காம். மஹேஷ் மைக்கைத் தட்டி, “எல்லாருக்கும் கேக்கறதா?” என்றார்.

ராஜஸ்ரீ அந்த மைக்கை வாங்கினாள்.

“அன்னிக்கு எனக்கும் கேட்டது. பதில் சொல்லத்தான் முடியலை,” என்று ஆரம்பித்து, மாடம்மாள் கதையைக் கார் வாரண்டி வரைக்கும் சொன்னாள். “இந்தப் பொன்னாடையை அவகிட்ட கொண்டுபோய்க் கொடுங்கோ. எதுக்குன்னு நீங்களே சொல்லிடுங்கோ.”

மைக்கை மஹேஷ் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. அவர்தான் பேசவில்லை.