மொத்தக் கடிதம்

பாரிஸில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் விலாசம்தான் எங்கள் எல்லோருக்கும் விலாசம். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கடிதமெல்லாம் கடைக்காரர் வைத்திருந்த வாழைப்பழப் பெட்டிக்குள்தான் கிடக்கும். எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. உறை தடிப்போ மெல்லிசோ என்று தடவித் தீர்ப்புச் சொல்வோம். "மொத்தமெண்டால் அகதிக் கார்ட். மெல்லிசெண்டால் பெட்டியைக் கட்டு" என்பார் கடைக்காரர்.

ஓர் உணவகத்தின் குசினியில் மூன்று பேர் கோப்பை கழுவினோம்: நான், என் அறைக்காரன், மன்னார்க்காரரான ஓர் அண்ணை. அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். "கார்ட் வந்த அண்டைக்கே தந்தி அடிச்சு இஞ்சை கூப்பிடுவன்" என்று சட்டிக்குள் தலையை விட்டபடியே சொல்வார்.

ஏப்ரல் முதலாம் திகதி பிரெஞ்சுச் சமையற்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் கடதாசி மீன் ஒட்டிச் சிரிப்பார்கள். அது அவர்களுடைய முட்டாள்கள் தினம். எங்களுக்கும் குரங்குப் புத்தி வந்தது. விலாசம் தெரியக் கண்ணாடித்தாள் வைத்த பழைய அரசாங்க உறையொன்றில் அண்ணையின் பெயரைச் சொருகி, கடதாசி மீன்களை மொத்தமாக அடைத்துப் பெட்டிக்குள் போட்டோம். உடைப்பார், ஏசுவார், சிரிப்போம். அவ்வளவுதான் எண்ணம்.

மத்தியான வேலை முடிந்து மூவரும் கடைக்குப் போனோம். அண்ணை உறையைத் தடவினார்.

"டேய், மொத்தமடா!"

"உடைச்சுப் பாருங்கோவன் அண்ணை."

"விசரே உனக்கு? மாதா படத்துக்கு முன்னாலை வைச்செல்லோ உடைக்கோணும். முதல்லை தந்தி!"

ஓடிவிட்டார். கூப்பிட வாய் திறந்தேன். "பொறடா, பின்னேரம் சொல்லுவம்" என்று அறைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

பின்னேரம் அண்ணை குசினி முழுவதற்கும் கேக் வாங்கி வந்தார். "பிள்ளையளோடை உடனை கொழும்புக்கு வெளிக்கிடு எண்டு அடிச்சிட்டன்" என்றார். பெரிய சமையற்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு. தின்றோம்.

தன் அறைக்கு எங்களையும் கூட்டிப்போய், மாதா படத்துக்கு முன்னால்தான் உடைத்தார். மீன்கள் நிலத்தில் கொட்டின. ஏசுவார் என்று நின்றோம். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, திரும்பவும் உறைக்குள் வைத்தார்.

மறுநாள் அடித்த "வெளிக்கிடாதே" என்ற தந்தி பூட்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இருந்த மாடுகளையும் விற்றுவிட்டு மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து நின்றார்கள். பின்னால் சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. ஊருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை, இங்கே கூப்பிடவும் வழியில்லை. அண்ணை எங்களோடு கதைப்பதை விட்டார். கோப்பைகளை மட்டும் கழுவினார்.

மே மாதம் உண்மையான கடிதம் வந்தது. கடைக்காரர் அதைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். தடவிப் பார்க்கவே தேவையில்லை, ஒரு தாள்தான்.

அண்ணை அதை என்னிடம் நீட்டினார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"இதுவும் உங்கடை மீனோடா?"

கெஞ்சுவது போலக் கேட்டார்.

"இல்லையண்ணை" என்றேன்.